பசியாவரத்தில் ஈரக் கைகளும் ஒரு சர்க்கரைக் கருவியும்

சட்டைப் பையில் அடங்கும் ஒரு கருவியை அக்கா கல்லூரியில் செய்துகொண்டிருக்கிறாள். ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் சர்க்கரை அளவு காட்டும். அதை ஆய்வகத்துக்கு வெளியே சோதிக்கத்தான் போன ஞாயிறு பழவேற்காடு போனோம். குத்துவதும் அக்கா, குத்திக்காட்டுவதும் அக்கா. விரலைத் துடைப்பதும் அளவை எழுதுவதும் நான்.

காலை 6.20க்கு சென்னையில் மின்சார ரயில்; பத்து ரூபாய். வழியெல்லாம் தூங்கினேன், பொன்னேரியில் அக்கா உதைத்து எழுப்பினாள். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்தில் பதினெட்டு கிலோமீட்டர். பிறகு ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்துக்குப் படகு, ஆளுக்கு இருபது. இறங்கும்போதே பாதி உயிர் போயிருந்தது.

"கை கழுவிட்டு வாங்க" என்று அறிவித்தோம். மதியத்துக்குள் இருபத்து மூன்று பேர். எல்லாருக்கும் அளவு சரியாகவே இருந்தது. அக்காவுக்குச் சிரிப்பு, எனக்குக் கொட்டாவி.

அவர்களுக்குப் பிறகு, இருபத்து நான்காவதாக, கடைசியாக வந்தவர் குப்பம்மா. ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர். காலில் சிப்பி கிழித்த புண் ஒரு மாதமாக ஆறவில்லையாம். கருவி 104 என்றது.

"அப்போ நாளைக்குத் தண்ணில எறங்கலாம்ல?"

தலையாட்டப் போனேன். அப்போதுதான் பார்த்தேன்: ரத்தம் துளியாக நிற்காமல் வெளிறிப் பரவி ஓடியிருந்தது. விரல் ஈரம்.

"எங்கம்மா கை கழுவுனீங்க?"

"ஏரிலதான். குடிக்கிற தண்ணி படகுல வருது, அதுல கை கழுவுவாங்களா? நல்லா கீதே உங்க ஊரு நாயம்!"

எல்லாரும் அப்படித்தான் கழுவி, சொட்டச் சொட்ட வந்திருக்கிறார்கள். காய்ந்த பஞ்சால் துடைத்துவிட வேண்டியவன் நான். அலுப்பில் சும்மா ஒற்றிவிட்டேன். ஈரம் கலந்தால் கருவி அளவைக் குறைத்துக் காட்டும்.

எங்கள் குடிநீரை ஊற்றிக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் குத்தினோம். 318.

"இன்னாம்மா, இதுல எது நெசம்?"

"ரெண்டாவதுதான்மா. மொதல்ல வந்தது எங்க தப்பு. நாளைக்கே ஆஸ்பத்திரில காட்டுங்க, தண்ணில எறங்காதீங்க" என்றாள் அக்கா.

"என் தப்புதான்மா" என்றேன்.

"ஒத்துக்கினியே, அதுவே பெருசு. போய் மத்தவங்களையும் கூப்புடு, போ."

வெயிலில் வீடு வீடாக மறுபடி அலைந்தோம். பத்தொன்பது பேர்தான் கிடைத்தார்கள். அதில் இரண்டு பேருக்கு அளவு அதிகம். மீதி நான்கு பேருக்காக இந்த ஞாயிறும் போகிறோம். கால் இப்போதே வலிக்கிறது.

இப்படி யாராவது கிளம்பினால்: தொப்பி வேண்டும், சில்லறை வேண்டும், மாலை ஐந்தரைக்குள் படகைப் பிடிக்க வேண்டும். கை கழுவ மட்டும் ஐந்து லிட்டர் தண்ணீரும் நிறையப் பஞ்சும் நீங்களே சுமந்து போங்கள்.

திங்கள் மதியம் குப்பம்மா போன் செய்தார். சர்க்கரை அதிகம்தானாம், புண்ணுக்குக் கட்டுப் போட்டு, மாத்திரை கொடுத்து, ஏரிப் பக்கமே போகக்கூடாது என்றார்களாம்.

"ஆஸ்பத்திரிலயும் குத்துனாங்க தம்பி. முந்தானைல ரெண்டு வாட்டி தொடச்சிட்டுத்தான் வெரல நீட்டுனேன்."