காகத்தைக் கூப்பிட்ட மதியம்

காலையில் துணி உலர்த்தப் போனால் கொடிக்குக் கீழே ஓர் உடும்பு வெயில் காய்ந்துகொண்டு கிடக்கிறது. அது எழுந்து கால்வாய்க்குள் இறங்கும்வரை நான் ஈரத்துணி வாளியோடு காத்து நிற்கிறேன். ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். கல்யாணமாகி மலேசியாவில் இந்தக் கிள்ளானுக்கு வந்த புதிதில் இதைக் கண்டு அலறியிருக்கிறேன். "பியாவாக் லா, ஒண்ணும் செய்யாது. அது வீட்டுக்குத்தான் நீ வந்திருக்க," என்று உடும்பை மலாயில் சொல்லி என் கணவர் சிரித்தார். இப்போது அவர் இல்லை. உடும்பு இருக்கிறது.

அவர் இருந்தவரை புல்லை மாதம் இருமுறை ஒட்ட வெட்டுவார். அவர் போனபின் நான் ஆளைக் கூப்பிடவில்லை. காட்டு உயிர்களுக்குத் தோட்டத்தைத் திறந்துவிட்டவள் என்று அயலில் எனக்கு நல்ல பெயர். உண்மையில் எழும்பவே பஞ்சியாக, சோம்பலாக இருந்தது. சருகு குவிந்தது, அணில்கள் வாழைக்குலையை மரத்திலேயே தின்று முடித்தன. பிறகுதான் நானாகச் செம்பருத்தி நட்டு, சட்டியில் தண்ணீர் வைத்தேன். தண்ணீரைத் தினமும் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் டெங்கிக் கொசு தேடும் சுகாதாரக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவுக்குள் நாங்கள் கூப்பிட்டு வந்த ஒரே பறவை காகம். படையல் நாளில் அது வாய் வைக்காமல் நாங்கள் வைக்கமாட்டோம். கிள்ளான் காகங்கள் வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவை என்று கேள்விப்பட்டபோது, சொந்தக்காரரைக் கண்டதுபோல் இருந்தது. இங்கேயே பிறந்த என் கணவருக்கு அதெல்லாம் பகிடி. "செத்தா நான் மைனாவாத்தான் வருவேன். காக்காவா வந்தா குப்பையிலதானே மேயணும்," என்பார்.

அவருடைய ஆண்டுத்திவசத்துக்கு முதல்நாள், பக்கத்து வீட்டு லோரி டிரைவர் சிவா வேலியருகே வந்தார்.

"அக்கா, நாளைக்கு நகராட்சிக்காரங்க காக்கா சுட வராங்க. சோறு கீறு வெளிய வைக்காதீங்க."

"காகத்தையும் சுடுவினமோ?"

"இங்க சுடுவாங்க லா. குப்பையெல்லாம் கிளறுதுல்ல."

சுடுவது என்ற சொல்லோடு காகத்தைச் சேர்த்து நான் ஊரில் கேட்டதில்லை. வெடி போட்டுக் கலைப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். காலையில் சில வெடிகள் கேட்டு ஓய்ந்தன. மதியம் படைத்து, இலையில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் மதிலில் வைத்தேன். ஒன்றும் வரவில்லை. பசித்தது. ஊரில் கூப்பிடுவதுபோல் தொண்டை திறந்து, "கா, கா" என்று கூப்பிட்டேன். மூன்று வந்தன. முதலாவது ஒரு வாய் எடுத்துக்கொண்டு எதிரே இருந்த விளக்குக் கம்பத்துக்குப் பறந்தது. தெருமுனையில் ஒரு வெடி கேட்டது. காகம் தார்த்தெருவில் விழுந்தது, அலகில் சோற்றுப்பருக்கை ஒட்டியிருந்தது.

துவக்கோடு வந்தவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தி, "தெரிமா காசி, மக்சிக்," என்று மலாயில் நன்றி சொன்னார். அவருக்கு உதவத்தான் நான் கூப்பிட்டேன் என்று நினைத்துவிட்டார். "சாமா சாமா," என்று, நன்றிக்குச் சொல்லும் மறுமொழியைப் பழக்கத்தில் என் வாய் சொல்லிவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. காகம் வாய் வைத்துவிட்டது, இனிச் சாப்பிடலாம் என்று உள்ளே போய்ச் சாப்பிட்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

இப்போதும் அமாவாசைக்குச் சோறு வைக்கிறேன், கூப்பிடுவதில்லை. போன அமாவாசையில் ஒரு மைனா வந்து மதிலில் உட்கார்ந்தது. என்னைப் பார்த்துவிட்டு இலைப்பக்கம் நகர்ந்தது. அது வாய் வைக்குமுன் என் கண் தெருமுனைக்குப் போனது, என் கை எழுந்து அதை விரட்டிவிட்டது. பிறகு வெறும் மதிலைப் பார்த்தபடி, சாப்பிடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.