எதுவும் ஓடாத மதியம்

அண்ணி வீட்டிலேயே துணி தைப்பவர். மின்சாரத்தை மிச்சப்படுத்த அண்ணன் வீடெங்கும் ஸ்மார்ட் பிளக் மாட்டினான். அதன்பிறகு வீட்டில் எது ஓடினாலும் அலுவலகத்தில் இருக்கும் அவன் போனில் தெரிந்துவிடும். உடனே கூப்பிடுவான்.

"இந்த நேரத்துல இஸ்திரிப்பெட்டி எதுக்கு?"

"குளிர் காயத்தான்."

"பூமியே சூடாகுதுன்னு ஊரெல்லாம் கவலைப்படுது, உனக்குக் கிண்டலா இருக்கு!"

அங்கிருந்தபடியே அணைத்துவிடுவான். பாதி தேய்த்த காலரோடு அண்ணி நிற்பார்.

ஒரு மதியம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து கையால் ஓரம் அடிக்கத் தொடங்கினார்.

"இன்னைக்கு உங்க அண்ணன் என்ன கேக்கறார்னு பாத்துடலாம்," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு ஏதோ பாட்டை முணுமுணுத்தார். சட்டையின் ஒரு பக்கம் முடிவதற்குள் போன் அடித்தது.

"ஒண்ணுமே ஓடலையே. எங்க போயிட்ட?"

"எங்கயும் போகலைங்க. வீட்லதான் இருக்கேன்."

"அப்ப ஃபேனைப் போட்டுக் காட்டு."

அண்ணி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்துபோய் ஃபேனைப் போட்டார். வெட்டிப்போட்ட நூல்கள் அறையெங்கும் பறந்தன. "சரி, தெரியுது," என்றான் அண்ணன்.