பனிமலைக்குப் போன கூறைச்சீலை

றோசலினுக்கு வாய் நீளம் என்பது கனடாவின் ஸ்காபரோவில் தமிழர் எல்லோருக்கும் தெரியும். கிழமை நாட்களில் அஜக்ஸில் ஒரு பக்ரறியில் வேலை, சனி ஞாயிறில் மணப்பெண் அலங்காரம். அவர் சீலைக்குக் கொய்யகம் மடித்து இடுப்பில் செருகினால் விருந்து முடியும்வரை அசையாது. அதற்காகவே அவருடைய வாயைப் பொறுத்துக்கொண்டு கூப்பிடுவார்கள்.

தொண்ணூற்றாறு தை மாதம் நிலக்சிக்குக் கலியாணம். உடுத்திவிடக் கூப்பிட்டது றோசலினைத்தான். மறுநாள் வடக்கேயுள்ள பனிச்சறுக்கு மலையில் வைத்துப் படம் பிடிக்கவேண்டும் என்று வீடியோக்காரன் பஸ்ரியன் ஒற்றைக்காலில் நின்றான். பெண்ணின் தகப்பன் தியாகலிங்கமும் தலையாட்டினார். கொழும்பிலுள்ள சொந்தங்களுக்கு வீடியோக் கசற் அனுப்பவேண்டுமல்லவா.

"மலைக்காரற்ரை நம்பருக்கு அடிச்சனான் அண்ணை. பின்னேரத்துக்கிடையிலை முப்பது சென்ரிமீற்றர் புதுப்பனியாம். இந்த வருசத்திலை இதுதான் திறமான நாளாம்," என்றான் பஸ்ரியன்.

றோசலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது சறுக்கிறவங்களுக்குச் சொன்னது. சீலை உடுத்தவளுக்கு எப்பிடி நாள் எண்டு கேட்டனீரோ? காத்து எப்பிடி எண்டாவது கேட்டனீரோ?"

அவன் கேட்கவில்லை. மலைக்காரனின் ரெலிபோன் எந்தக் காலத்தில் மணப்பெண்ணைப் பற்றிப் பேசியது? ஆனாலும் போனார்கள். சீலை குலைந்தால் சரிசெய்ய றோசலினும் போகவேண்டியிருந்தது.

அடிவாரத்தில் பனி பக்கவாட்டில் வந்து முகத்தில் அறைந்தது. தொப்பியும் கையுறையும் போட்ட சறுக்குக்காரர்கள் சந்தோஷமாகக் கடந்து போனார்கள். நிலக்சி மெல்லிய செருப்போடு கூறைச்சீலையில் நின்றாள். பஸ்ரியன் அவளை முன்னுக்கும் பின்னுக்கும் நடக்கவைத்தான். போதாதென்று கம்பியில் தொங்கிப்போகும் லிப்டில் ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோகவேண்டும் என்றான். மாப்பிள்ளை அதற்கு ரிக்கற் எடுக்கப் போய்விட்டான்.

"அண்ணை, பிள்ளையின்ரை கால்விரலைப் பாருங்கோ, வெளிறிப்போச்சு," என்றார் றோசலின்.

தடித்த கோட்டுக்குள் நின்ற தியாகலிங்கம் திரும்பவில்லை. "கொஞ்ச நேரந்தானே தங்கச்சி. நீர் உடுத்திற வேலையைப் பாரும்."

அவ்வளவுதான். றோசலின் நிலக்சியின் கையைப் பிடித்து மலைக்காரரின் கழிப்பறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். ஊசிகளைக் கழற்றினார். அன்று காலை தானே ஒவ்வொன்றாய் மடித்த கொய்யகத்தை ஒரே இழுவையில் உருவி எறிந்தார். தன்னுடைய கோட்டால் அவளைச் சுற்றி, வாங்கில் இருத்தி, கால்களை மடியில் வைத்து இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் விரல்களுக்கு உயிர் திரும்பியது. அந்த வலி தாங்காமல் நிலக்சி வாய்விட்டு அழுதாள்.

கதவுக்கு வெளியே தியாகலிங்கம் சத்தம் போட்டுக்கொண்டு நின்றார். சீலையைத் திரும்ப உடுத்தச் சொல்லித்தான் சத்தம். அழுகை கேட்டதும் அவருடைய குரல் அடங்கியது.

"இவ்வளவு நோகுதெண்டால் நீ ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

நிலக்சி மூக்கை உறிஞ்சினாள்.

"சிரிச்சுக்கொண்டு நில் எண்டு நீங்கள்தானே அப்பா சொன்னனீங்கள்."