திட்டில்லாத சேதி

லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் அவரைப் பார்த்தேன். போனில் போகும் குரலையும் படத்தையும் சுருக்கி அனுப்ப வழி கண்ட முன்னோடி விஞ்ஞானி. ஒல்லியான மனிதர். யார் பேசினாலும், திரும்பத் திரும்ப வரும் சொற்களை விரல்விட்டு எண்ணுவார்.

அன்று காற்று வலுத்துக்கொண்டிருந்தது. கடலில் இருந்த கணவனுக்கு ஒரு பெண் பேசி அனுப்பிய குரல் பதிவு, சிக்னல் போதாமல் நின்றுவிட்டது.

“கரைக்கு வானு ஒம்பது வாட்டி சொன்னீங்கம்மா. ஒரு வாட்டி போதும். எழுதி அனுப்புங்க,” என்றார்.

“ஒரு வாட்டி சொன்னா அந்தாளு வருமா சார்?”

ஆனாலும் ‘கரைக்கு வா’ என்று மட்டும் எழுதி அனுப்பினாள். போய்விட்டது.

சற்று நேரத்தில் படகு கரையேறியது. கணவன் ஓடிவந்தான். “உனுக்கு இன்னாமே ஆச்சு? திட்டே இல்லாம சேதி வந்துச்சா, பயந்துட்டேன்.”

விஞ்ஞானி மணலில் உட்கார்ந்து, வழக்கமாக எப்படித் திட்டுவாள் என்று அவளையே கேட்டார். நான் பஸ் ஏறும்வரை அவள் முடிக்கவில்லை, அவரும் எழுந்திருக்கவில்லை.