சவாரி மைதானத்தில் பதினோரு நிமிடம்

பதினோரு நிமிடம், நாற்பது நொடி. அவ்வளவு நேரம்தான் நான் அந்த இருட்டில் நின்றேன். இதில் ஒரு நொடியைக்கூட நான் இட்டுக்கட்டவில்லை. நேரம் குறிப்பதுதான் அன்று என் வேலை. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

2002 டிசம்பர் 5, வியாழக்கிழமை. அமாவாசைக்கு மறுநாள். இயற்பியல் படித்து முடித்து, விளக்கு அமைக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கூடுவாஞ்சேரியிலிருந்து மூன்று பஸ் மாறி திருவிடந்தைக்குப் போனேன். கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு குதிரைச் சவாரிப் பள்ளி. மழைக்காலத்தில் ஐந்தே முக்காலுக்கே பொழுது சாய்ந்துவிடுவதால், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த முடியவில்லை. அதற்காகத் திறந்தவெளி மைதானத்தின் நான்கு மூலையிலும் கம்பம் நட்டு, மெட்டல் ஹாலைடு விளக்குகள் போட்டிருந்தோம். மறுநாள் ஆறு மணிக்கு முதல் வகுப்பு. மேக்னா என்ற பத்து வயதுப் பெண்தான் முதலில் ஏறப்போகிறாள். மூலை முடுக்கெல்லாம் வெளிச்சத்தை அளந்து பார்த்து, ஆபத்தில்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

மணலைச் சமப்படுத்தி வைத்திருந்தார்கள். என் காலடி மட்டும்தான் பதிந்தது. எலக்ட்ரீஷியன் திருநாவுக்கரசு ஸ்விட்ச் போர்டு பக்கமிருந்து கத்தினார்.

"இன்னாம்மா, குதிரைக்குக் கல்யாணமா? இவ்ளோ லைட்டு!"

பொண்ணு யாரு என்று கேட்க வாய் வரை வந்தது. கூச்சம். சிரித்ததோடு சரி.

6:22. கரண்டு போனது.

பன்னிரண்டு நொடியில் ஜெனரேட்டர் உறுமியது. தூரத்தில் குதிரை லாயத்தின் குண்டு பல்பு எரிந்தது. மைதானத்து விளக்குகள் எரியவில்லை. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இந்த வகை விளக்கு சூடாக இருக்கும்போது அணைந்தால், ஆறும்வரை மறுபடி எரியாது. பத்து, பதினைந்து நிமிடம்கூட ஆகும். நடு மைதானத்தில் அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கலாமே என்று, கடிகாரத்தின் விளக்குப் பொத்தானை அழுத்தி அழுத்தி மணி பார்த்தேன்.

6:25. லாயத்துப் பல்பு ஒரு கணம் மறைந்தது. மறுபடி தெரிந்தது. ஜெனரேட்டர் சரியில்லை போல.

நாற்பது நொடி கழித்து மீண்டும். அப்புறம் முப்பத்து மூன்று. இருபத்தைந்து...

ஜெனரேட்டர் சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. எனக்கும் பல்புக்கும் நடுவே ஏதோ கடந்து போகிறது. என்னைச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றும் சிறிதாகிறது.

புர்ர்ர்... குதிரையின் மூச்சு. ஈரத் தோலின் வாசனை.

யாரோ குதிரையைப் பழக்குகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தொம்... தொம்... குளம்புச் சத்தம். அதன் பின்னாலேயே இன்னொன்று. ஸ்ஸ்ஸ்ர்ர்... மூட்டையை மணலில் இழுப்பதுபோல.

6:31.

"நைனா... லைட்டு எப்ப வரும்?"

பெண் குரல். அப்பாவைக் கூப்பிடுகிறது. குதிரை மேல் இருப்பவளின் குரல் என் தலைக்கு மேலே கேட்க வேண்டும்.

அது என் கணுக்காலுக்குப் பக்கத்தில் கேட்டது.



"நைனா..."

ஸ்ஸ்ஸ்ர்ர்...

6:33:40.

விளக்குகள் முதலில் ஊதாவாக எரிந்தன. மெல்ல வெளுத்தன. மைதானத்தில் யாரும் இல்லை. ஒரு குளம்புத் தடம்கூட இல்லை. சமப்படுத்திய மணலில் ஒரே ஒரு கோடு. ஒரு முழ அகலம். சுற்றிச் சுற்றி வந்து, என் செருப்புக்கு அரை அடி தள்ளி நின்றிருந்தது.

குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் சடையப்பன் துடைப்பத்தோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கோட்டைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பெருக்கிக் கலைக்க ஆரம்பித்தார். தினமும் செய்கிற வேலை போல.

"அண்ணே... இப்ப யாராவது குதிரை ஓட்டினாங்களா?"

"எல்லாம் லாயத்துல கட்டிக் கீதும்மா." அவர் நிமிரவில்லை.

குரலைப் பற்றி நான் சொல்லவில்லை. அவரிடம் மட்டுமல்ல, யாரிடமும்.

ஆபீஸ் அறையில் முதலாளி கோதண்டராமன் காகிதத்தை நீட்டினார்.

"பகல் மாதிரி இருக்கே! போடும்மா கையெழுத்து."

பெரியவர்களை எதிர்த்து நான் பேசியதே இல்லை. பேனாவை மூடினேன்.

"போட மாட்டேன் சார். கரண்டு போனா உடனே எரியற மாதிரி பேட்டரி விளக்கு வேணும். அது வர்ற வரைக்கும் மேக்னாவை ஏத்தாதீங்க."

"அதான் ஜெனரேட்டர் வந்துடுதே. விளக்கு எரியற வரைக்கும் பொண்ணு குதிரை மேலயே சும்மா உக்காந்திருக்கட்டும்."

வாசலில் நின்றிருந்த சடையப்பன் துடைப்பத்தைக் கீழே போட்டார்.

"அன்னிக்கும் ஜெனரேட்டர் வந்துச்சு சார்."

"சடையப்பா, நீ போ."

அவர் போகவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு வருசம் ஆவுதும்மா. அப்பவும் இதே மாதிரி லைட்டு, அப்பால கயட்டிட்டாங்க. கரண்டு வந்துச்சு, லைட்டு வர்ல. நான் நடுவுல நின்னுகினு கீறேன். லைட்டு எப்ப வரும், எப்ப வரும்னு கேட்டுகினே இருந்துச்சு. தோ வந்துடும், அப்பிடியே உக்காருன்னேன். குரல் வருதே, மேலதான் கீதுன்னு நெனச்சிகினேன்."

"யாரு அண்ணே?"

"என் பொண்ணு. துர்கா. லைட்டு வந்தப்புறந்தான் பாத்தேன். சேணத்துல கால் மாட்டிகினு, குதிர இழுத்துகினு சுத்துது."

கோதண்டராமன் காகிதத்தை எடுத்து மேசைக்குள் வைத்துப் பூட்டினார். நாளை வகுப்பு நடக்காது என்று தெரிந்தது. நான் எழுந்தேன். சடையப்பன் வழியை விடவில்லை.

"இன்னொண்ணு கீது. சார்கிட்டகூட நான் சொல்லல." குரலைத் தாழ்த்தினார். "கரண்டு போன ஒடனே வுழுந்துச்சாம். கழுத்து முறிஞ்சி, அந்த நிமிசமே உயிர் போயிடுச்சுன்னாரு டாக்டரு. ஆனா லைட்டு வர்ற வரைக்கும் அது எங்கிட்ட பேசிகினுதாம்மா இருந்துச்சு."