பேனரின் கீழ் மூலை

ஒரு கட்சி பேனரின் கீழ் மூலையில் என் முகம் வரவேண்டும். அப்போது இதுதான் என் வாழ்க்கை லட்சியம். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஊரில் கட்சிக்காகப் பசை வாளி தூக்கினேன், கூட்டத்துக்கு ஆள் பிடித்தேன், தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டேன். மாவட்ட மாநாட்டு பேனரில் ஒன்றியச் செயலாளரின் மைத்துனர் வரை எல்லோரும் கைகூப்பிச் சிரித்தார்கள். நான் மட்டும் இல்லை. அந்த ரோஷத்தில் விசா வாங்கிக் கிளம்பி வந்து சேர்ந்தது எங்கே? ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவில், பேனர் அச்சடிக்கும் ஒரு கடையில்.

முதலாளி கீழக்கரைக்காரர். பாய் என்போம். கிர்கிஸ்தானிலிருந்து சரக்கெடுக்க வரும் ஒரு அம்மாள்தான் எங்கள் பெரிய வாடிக்கை. ஐம்பது வயதிருக்கும், சிரித்தால் தங்கப்பல் தெரியும். அவர் ஊர்ச் சந்தைக் கடைகளின் போர்டெல்லாம் எங்களிடம்தான் அடிப்பார். அவர்கள் நாட்டில் ஜனாதிபதியை விரட்டியபின், ஒருமுறை கட்சி பேனருக்கு ஆர்டரோடு வந்தார். புதுக் கட்சியாம். நாடு நம் மக்களுக்கே, பழைய பழக்கவழக்கம் மாறக்கூடாது, வெளியாள் தலையெடுக்கக்கூடாது என்பது கொள்கை. அதற்கான பேனரைச் சீனத் துணியில் ஒரு தமிழன் அடிக்கப்போகிறான் என்பது அவரை உறுத்தவில்லை. என்னையும்தான்.

கட்சியின் வரலாற்றை இவரைப் போன்ற வாடிக்கையாளர்களிடம் பொறுக்கிய அரைகுறை ருஷ்ய மொழியில் கேட்டேன். தலைவர் பழைய கட்சியில் கோபித்துக்கொண்டு வெளியேறியவர். துணைத்தலைவர் இப்போது தலைவரிடம் கோபமாக இருக்கிறார். வடக்குக்கும் தெற்குக்கும் ஓயாத சண்டை; இது தெற்கத்திக் கட்சி. எனக்குச் சொந்த ஊருக்கே போய்விட்டது போல இருந்தது.

அவர் விமானம் ஏறியபின் வடிவமைக்க உட்கார்ந்தேன். பனிமலை, முன்னால் வெள்ளைக் கம்பளித் தொப்பியில் தலைவர். கீழ் மூலை காலி. கை அரித்தது. கடல் தாண்டி வந்து பேனர் அடித்துக் கொண்டுபோகிறவருக்கு ஒரு மூலைகூடவா கிடையாது? கார்கோவுக்காக வைத்திருந்த பாஸ்போர்ட் நகலிலிருந்து அம்மாளின் முகத்தை வெட்டி, சுற்றிலும் ரோஜா இதழ் தூவி ஒட்டினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்கிற புத்தி இருந்தால் நான் ஏன் கட்சியில் சேர்ந்திருக்கப்போகிறேன்?

சரக்கு போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து போன் வந்தது. பாய்க்குப் புரிந்தது அம்மாளின் கத்தல் மட்டும். கணினியில் அந்தப் பேனரைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அந்தம்மா மூஞ்சிய எதுக்குடா அதுல ஒட்டுன?"

"நம்மூர்ல அப்படித்தானே பாய் போடுவாங்க?"

"இது நம்மூராடா? அவங்க இனிமே வரலேன்னா கலாஸ், கத முடிஞ்சுது. நீ ஊருக்கே போயி ஒட்டிக்க."

மாதங்கள் போயின. அம்மாள் வரவில்லை. வாசலில் நிழல் விழும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒருபுறம். என் ஆசையை அதைக் கேட்காதவர் தலையில் கட்டினேனே என்ற வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஒரு நாள் வந்தார். நேராக என்னிடம் வந்து, தங்கப்பல் தெரியச் சிரித்தார். அன்று போனில் கத்தியது கோபத்தில் இல்லையாம், சந்தோஷத்திலாம். பேனர் கட்டிய வாரமே கட்சி உடைந்துவிட்டதாம். தலைவர் வேறு கட்சிக்குத் தாவ, ஆத்திரத்தில் ஜனங்கள் அவர் முகத்தைக் கத்திரித்து எறிந்துவிட்டார்களாம். மிஞ்சியது மலையும் இந்த அம்மாளும். சந்தைக்கு வந்தவர்களெல்லாம் "நீதானே அது?" என்று கேட்கக் கேட்க, துணைத்தலைவர் அணி இவரைச் சந்தைப் பிரிவுக்குத் தலைவியாக்கிவிட்டது. இப்போது புதுப் பேனர் வேண்டும். மலை அதேதான்.

கணினித் திரையில் தன் முகத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்து, "இங்கே நீ" என்றார்.

"நானா?" என்றேன். "வேலை செய்கிறவன் முகத்தை எங்கள் கட்சியில் யாரும் போடமாட்டார்கள். நீ போட்டாயே" என்றார்.

பாய்க்குக் கவலை. "வெளியாளே ஆகாதுன்னு சொல்ற கட்சியாச்சே, இவன் யாருன்னு கேட்டா என்ன சொல்லுவாங்களாம்?" நான் மொழிபெயர்த்தேன். அம்மாள் என் நிறத்தையும் மீசையையும் ஒருமுறை பார்த்தார். "தெற்குக்காரன் என்பேன்."

பாயே கேமராவை எடுத்தார். "கையக் கூப்புடா, சனியனே."

மெஷினிலிருந்து முதலில் மலை வந்தது, பிறகு புதுத் தலைவர், பிறகு அம்மாள். என் மீசை வெளியே வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பாய் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார். என்னால் படிக்க முடியாத எழுத்தில், நாடு நம் மக்களுக்கே என்று இருந்ததாம். அதன் கீழே நான் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.