கீழ்வீட்டுத் துணிக்கொடியில் தேன்சிட்டு

அடையாறில் எங்கள் மாடி வீட்டு பால்கனியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்ட வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. செடி வண்டிக்காரரிடம் பேரம் பேசி, வாடிப்போன இட்லிப்பூச் செடிகளை மலிவாக வாங்கினேன். பழைய பெயின்ட் வாளிகளில் ஓட்டை போட்டு நட்டேன். அடியில் வைக்கத் தட்டு வாங்க மட்டும் மனம் வரவில்லை.

ஊற்றிய தண்ணீர் செம்மண்ணோடு கீழ்வீட்டு நூர்ஜகான் அக்காவின் துணிகள்மேல் சொட்டியது. "செடி வளக்கிறியா, என் துணிக்குச் சாயம் போடறியா?" என்று கத்துவார். நானும் விடமாட்டேன்.

செடிகள் பூத்தன. தேன்சிட்டு தினமும் வந்து தேன் குடித்தது. ஆனால் கூடு கட்டவில்லை.

ஒருநாள் காலை அக்கா கூப்பிட்டார். சண்டைக்குத் தயாராகவே இறங்கினேன். அவர் உதட்டில் விரல் வைத்து பால்கனியைக் காட்டினார். அவருடைய துணிக்கொடியில் கூடு தொங்கியது. உள்ளே குஞ்சுகள்.

"உன் வீட்ல துன்னுட்டு இங்க குடித்தனம் பண்ணிகினு கீது. அதான் துணியெல்லாம் மொட்டை மாடிக்குத் தூக்கினு போறேன்" என்றார். அவருக்கு முழங்கால் வலி.

"செடியை உள்ளே எடுத்து வெச்சிடட்டுமாக்கா?"

"அய்ய, வேணாம்மா. பூ இல்லன்னா அது இன்னா துன்னும்? நீ பாட்டுக்குத் தண்ணி ஊத்து."

அன்று மாலையே எல்லா வாளிகளுக்கும் தட்டு வாங்கினேன். நான் பேரம் பேசாமல் வாங்கிய முதல் பொருள் அதுதான்.